வால்பாறை மழையில் படமெடுக்க வெதர் சீலிங் (தண்ணீர், தூசியைத் தடுக்கும் ரப்பர் அடைப்பு) உள்ள கேமரா பாடிக்குப் பணம் போடலாமா?

ஆழியாறு காற்று:

வணக்கம். நான் இருப்பது பொள்ளாச்சி பக்கம். கேமரா நிக்கான் டி5600, அதோடு வந்த 18-55, 70-300 இரண்டும், அப்புறம் பழையதாக வாங்கிய டாம்ரான் 90 மேக்ரோ ஒன்று. வெயில் காலத்தில் எனக்கு இதுவே தாராளம். ஆனால் நான் எடுக்க ஆசைப்படுவதெல்லாம் ஜூனுக்கும் ஆகஸ்டுக்கும் நடுவில்தான் வால்பாறையில் நடக்கிறது. ராத்திரி முழுக்கக் கத்தும் தவளைகள், நனைந்துபோய்க் கிளையில் சுருண்டிருக்கும் சிங்கவால் குரங்குகள், மூடுபனிக்குள் முதலில் இறக்கைச் சத்தம் மட்டும் கேட்டு அப்புறம் கண்ணில் படும் இருவாச்சி, இதெல்லாம் மழையில்தான். நான் என்னடாவென்றால் தூறல் விழுந்ததும் கேமராவைப் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்துவிட்டு வேடிக்கை பார்க்கிறேன்.

கையில் 80,000 ரூபாய் இருக்கிறது, இருப்பதை விற்றால் இன்னும் கொஞ்சம் சேரும். செகண்ட் ஹேண்டில் டி500 எடுத்துவிடு என்கிறார் ஒரு நண்பர். நிக்கானையே விட்டுவிட்டு ஓஎம் சிஸ்டம் கம்பெனியின் ஓஎம்-1 பக்கம் போய்விடு என்கிறார் இன்னொருவர். கடையில் கேட்டால் "வெதர் சீல்டு சார், மழையில தாராளமா எடுக்கலாம்" என்கிறார்கள், அதே பெட்டிக்குள் இருக்கும் வாரண்டி அட்டையில் தண்ணீர் புகுந்தால் பொறுப்பில்லை என்று போட்டிருக்கிறது. இதில் எதை நம்புவது?

மழை என்று நான் சொல்வது சாயங்காலம் ஒரு அடி அடித்துவிட்டுப் போகிற மழை இல்லை. சின்னக்கல்லாறு பக்கத்து மழை, ஆரம்பித்தால் நாள் கணக்கில் நிற்காது. அந்த ஊரில் உண்மையிலேயே கேமராவை வைத்துப் புழங்குகிறவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.


எஸ்டேட் வாசி:

நான் இருப்பதே அங்கேதான் தம்பி, தேயிலைத் தோட்டத்துக்கு நடுவில் ஓடு போட்ட வீடு. அதனால் கடைக்காரர் பேச்சை விட்டுவிட்டு இங்கே என்ன நடக்கிறது என்பதைச் சொல்கிறேன்.

இந்த ஊரில் மழை மேலேயிருந்து மட்டும் வராது. பாதி நேரம் மூடுபனி பக்கவாட்டில் வந்து எல்லாவற்றிலும் ஒட்டிக்கொள்ளும். குடை பிடித்திருந்தாலும் கால் மணி நேரத்தில் கேமராவின் அடிப்பக்கம், பட்டை, வ்யூஃபைண்டர் எல்லாம் ஈரமாகிவிடும். இதற்கு வெதர் சீலிங் உதவுமா என்றால் உதவும், இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஜூலையில் என் வீட்டுச் சுவரில் கை வைத்தால் ஈரம் ஒட்டுகிறது, பீரோவுக்குள் இருக்கும் தோல் பெல்ட்டில் வெள்ளையாகப் பூசணம் பூக்கிறது, துவைத்துப் போட்ட துணி ஒரு வாரம் ஆனாலும் குளிர்ச்சியாகவே இருக்கிறது. இந்தக் காற்றில் உங்கள் கேமரா ராத்திரி முழுக்கப் பைக்குள் கிடக்கப் போகிறது. படமெடுக்கும் ரெண்டு மணி நேரத்தில் மேலே விழும் தண்ணீரை விட, மீதி இருபத்திரண்டு மணி நேரம் அது உட்கார்ந்திருக்கும் ஈரக்காற்றுதான் எனக்குக் கவலை. அந்தக் காற்றை எந்த ரப்பர் வளையமும் நிறுத்தாது, லென்ஸை ஒரு தடவை கழற்றி மாட்டினாலே உள்ளே போய்விடும்.

இங்கே பழைய ஆட்கள் வைத்திருந்த ஏற்பாடு என்னவென்றால், மர அலமாரியின் அடித்தட்டில் ஒரு சின்ன குண்டு பல்பை எரியவிட்டு, மேல்தட்டில் ரேடியோ, கேமரா, பைனாகுலர் எல்லாவற்றையும் வைப்பார்கள். உள்ளே வெளியை விடக் கொஞ்சம் சூடாக இருக்கும், சூடு ஏறினால் ஈரப்பத சதவீதம் இறங்கும், அவ்வளவுதான் சங்கதி. இப்போது நான் டிரை கேபினட் வைத்திருக்கிறேன், உள்ளே ஈரப்பதத்தைக் குறைத்து வைக்கும் பெட்டி அது, ஈரப்பதம் 45 சதவீதத்தில் நிற்கிறது. பாடி வாங்குவதற்கு முன்னால் இதை வாங்குங்கள் என்பதுதான் என் பேச்சு.

அப்புறம் கீழே இறங்கும்போது ஒரு கவனம் வேண்டும். மேலே குளிரில் கிடந்த கேமராவோடு 40 கொண்டை ஊசி வளைவும் இறங்கி ஆழியாறு வந்து, அணையை ஒரு படம் எடுக்கலாம் என்று பையைத் திறந்தால், கீழே இருக்கும் வெதுவெதுப்பான ஈரக்காற்று பட்டு லென்ஸ் முழுக்கப் பனி பூத்துவிடும். காரில் ஏசி போட்டு வந்திருந்தால் இன்னும் மோசம். லென்ஸின் வெளியே பூத்தால் துடைத்துக்கொள்ளலாம், உள்ளே பூத்தால் என்ன செய்வது? மேலேயே ஜிப்லாக் கவருக்குள் போட்டு மூடிவிடுங்கள். கீழே வந்து கேமராவும் அந்த ஊர்ச் சூட்டுக்கு வந்த பிறகு கவரைப் பிரியுங்கள், பனி கவருக்கு வெளியே பூத்துவிட்டுப் போகட்டும். லோம்ஸ் வியூ பக்கம் வரையாடு நிற்கிறதே என்று அவசரப்பட்டுப் பாதி வழியில் திறக்கிறவர்கள்தான் அதிகம்.


ஸ்க்ரூ டிரைவர்:

கோவையில் கேமரா சர்வீஸ் பெஞ்சில் உட்கார்ந்திருப்பவன். எஸ்டேட் அண்ணன் சொன்னதோடு எனக்குச் சண்டை இல்லை, தண்ணீர் எங்கே புகுகிறது என்பதை மட்டும் சேர்த்துச் சொல்கிறேன், அது தெரிந்தால் எதை வாங்குவது என்பது தானாகத் தெரிந்துவிடும்.

வெதர் சீலிங் என்பது ஒரே சமாச்சாரம் இல்லை. பாடியைப் பிரித்துப் பார்த்தால் ஓடுகள் சேரும் இடத்தில் மெல்லிய நுரைப்பட்டை இருக்கும், பட்டன் தண்டைச் சுற்றி ஒரு குட்டி வளையம், டயலுக்கு அடியில் இன்னொன்று, பேட்டரிக் கதவிலும் கார்டு கதவிலும் ரப்பர் ஓரம். சில கம்பெனி இதையெல்லாம் முழுசாகப் போட்டிருக்கும், சில கம்பெனி மேலே போட்டுவிட்டு அடியில் பேட்டரிக் கதவுப் பக்கம் கையைச் சுருக்கியிருக்கும். விளம்பரத்தில் இரண்டுக்கும் ஒரே வார்த்தைதான். டி500-இல் நன்றாகவே போட்டிருக்கிறார்கள், டி7500-இலும் உண்டு, உங்கள் டி5600-இல் அப்படி எதுவும் கிடையாது.

ஆனால் பாடியை மட்டும் பார்த்துப் பிரயோசனம் இல்லை. லென்ஸைக் கழற்றி பின்பக்கம் பாருங்கள். உலோக மவுண்ட்டைச் சுற்றி விளிம்பில் மெல்லிய கறுப்பு ரப்பர் வளையம் லேசாக வெளியே துருத்திக்கொண்டிருந்தால் அது சீல் உள்ளது. உங்கள் 18-55, 70-300 இரண்டிலும் அது இருக்காது, மவுண்ட்டே பிளாஸ்டிக். வேடிக்கை என்னவென்றால் நிக்கானின் விலை குறைந்த 50 மிமீ 1.8ஜி-யில் அந்த வளையம் இருக்கிறது. ஆக டி500 வாங்கி அதில் உங்கள் 70-300-ஐ மாட்டிக்கொண்டு மழையில் நின்றால், மவுண்ட் வழியாக இறங்கும் தண்ணீர் நேராகப் போய் நிற்கும் இடம் கண்ணாடிப் பெட்டி, சென்சார். பாடிக்குக் கொடுத்த பணம் வீண்.

லென்ஸிலும் ஒரு பேதம் உண்டு. சிலவற்றில் மவுண்ட்டில் மட்டும் வளையம், சிலவற்றில் ஜூம் வளையம், ஃபோகஸ் வளையம், சுவிட்ச் என்று எல்லா இடத்திலும். சிக்மா 150-600-இல் கன்டெம்ப்ரரி மாடல் முதல் வகை, ஸ்போர்ட்ஸ் மாடல் இரண்டாம் வகை. கேனான் எல் லென்ஸ்களில் 17-40 மாதிரி சிலவற்றுக்கு முன்னால் ஃபில்டர் மாட்டினால்தான் சீலிங் முழுமையாகும் என்று கம்பெனியே மேனுவலில் சொல்லியிருக்கிறது. ஜூம் செய்யும்போது குழாய் வெளியே நீளும் லென்ஸ் என்றால், நீளும்போது காற்றை உள்ளே இழுக்கும், சுருங்கும்போது வெளியே தள்ளும், நனைந்த குழாயை அப்படியே உள்ளே இழுத்தால் அதன் மேலிருக்கும் தண்ணீரும் கொஞ்சம் கூடவே போகும். 70-300, நிக்கான் 200-500 எல்லாம் இந்த ரகம். சோனி 200-600, நிக்கான் இசட் 180-600 உள்ளேயே ஜூம் ஆகும், மழைக்கு அந்த வடிவம் தேவலை. நீளும் லென்ஸ்தான் இருக்கிறது என்றால் ஜூமைக் குறைப்பதற்கு முன்னால் குழாயை ஒரு தடவை துடைத்துவிடுங்கள்.

இன்னொன்று, செகண்ட் ஹேண்ட் பாடி என்றால் சீலிங்கை நம்பி வாங்காதீர்கள். ரப்பர் வருஷம் போகப் போக இறுகும். யாராவது நடுவில் பிரித்து வேலை பார்த்திருந்தால் நுரைப்பட்டை கிழிந்திருக்கும், அதைப் புதுசாகப் போட்டு மூடியிருப்பார்கள் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. டி500 வெளிவந்தது 2016, கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள்.

நனைந்துவிட்டால்: உடனே ஆஃப் செய்து பேட்டரியைக் கழற்றுங்கள். வேலை செய்கிறதா என்று பார்க்க மறுபடி ஆன் செய்யவே கூடாது. பெஞ்சுக்கு வரும் போர்டுகளில் பச்சையாக அரித்துப் போயிருப்பது பெரும்பாலும் அப்படி மின்சாரம் ஓடிய இடங்கள்தான். கதவுகளையெல்லாம் திறந்து வைத்து, மேலே துடைத்து, சிலிக்கா ஜெல்லோடு இறுக மூடும் டப்பாவில் ரெண்டு நாள் விடுங்கள். அரிசிப் பானையில் புதைப்பது வேண்டாம், அரிசி பெரிதாக ஒன்றும் உறிஞ்சாது, தூசிதான் உள்ளே போகும். ஹேர் டிரையரும் வேண்டாம், தண்ணீரை இன்னும் உள்ளே ஓட்டும். கடல் தண்ணீர் என்றால் காத்திருக்கவே வேண்டாம், அன்றைக்கே கொண்டு வாருங்கள். வீட்டில் யாரும் ஸ்க்ரூவைக் கழற்றிப் பார்க்காதீர்கள், உள்ளே இருக்கும் ஃப்ளாஷ் கெபாசிட்டர் பேட்டரி இல்லாமலே ஷாக் அடிக்கும்.


நான்கில் மூன்று:

ஓஎம்-1 பெயர் வந்ததால் உள்ளே வருகிறேன். மற்ற பெரிய கம்பெனிகள் எல்லாம் "தூசி, ஈரம் தாங்கும்" என்று எழுதிவிட்டு, அடியில் சின்ன எழுத்தில் "முழுப் பாதுகாப்புக்கு உத்தரவாதம் இல்லை" என்று சேர்த்துக்கொள்ளும்போது, ஓஎம் சிஸ்டம் மட்டும் ஐபி53 என்று, தூசியும் தண்ணீரும் எவ்வளவு தாங்கும் என்பதற்கான சோதனைத் தர எண்ணாகவே போட்டிருக்கிறது, 2022-இல் வந்த ஓஎம்-1-இலிருந்து. லைக்கா எஸ்எல்2-க்கு ஐபி54 உண்டு, ஆனால் அந்த விலைக்கு வால்பாறையில் ஒரு... சரி, அதை விடுங்கள்.

ஐபி53-இல் 5 தூசிக்கு, 3 தண்ணீருக்கு. 3 என்றால் நேர் மேலேயிருந்து 60 டிகிரி சாய்வு வரை எந்தப் பக்கத்திலிருந்து தெளித்தாலும் தாங்க வேண்டும். தெளிப்பான் வைத்துச் செய்யும் சோதனையில் நிமிடத்துக்கு 10 லிட்டர் வீதம், குறைந்தது 5 நிமிடம் அடிப்பார்கள். இது மழைக்கான எண், முக்குவதற்கான எண் இல்லை. போன்களில் ஐபி68 என்று பார்த்துப் பழகியவர்கள் 53-ஐப் பார்த்ததும் சிரிக்கிறார்கள். போனில் லென்ஸைக் கழற்றி மாட்டுவதில்லையே.

பாடியும் லென்ஸும் இரண்டுமே அந்தத் தரத்தில் இருந்தால்தான் அந்த எண்ணுக்கு அர்த்தம் என்பதை ஒத்துக்கொள்கிறேன். 12-40 எஃப்2.8 ப்ரோ இரண்டாம் பதிப்பு, 90 மிமீ மேக்ரோ இரண்டும் ஐபி53. 60 மிமீ மேக்ரோவும் தூறல் தாங்கும், தவளைக்கு அதுவே போதும், விலையும் 90 மேக்ரோவில் பாதிகூட இருக்காது. ஆனால் 45 எஃப்1.8, 75-300 மாதிரி மலிவான லென்ஸ்களில் சீல் இல்லை, அவற்றை மாட்டிக்கொண்டு "ஓஎம் என்றால் மழை" என்று பெருமை பேசிப் பிரயோசனமில்லை. நான் இந்தக் கூட்டணியை ரெயின் கவர் இல்லாமலே கர்நாடகாவின் ஆகும்பே மழையில் கழுத்தில் தொங்கவிட்டு நடந்திருக்கிறேன், அங்கே வருஷத்துக்கு 7,000 மிமீக்கு மேல் பெய்கிறது. படம் எடுக்கும்போது கவரோடு மல்லுக்கட்டாமல் இருப்பதில் இருக்கும் சுகத்தை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. கவருக்குள் கையை விட்டு டயலைத் தேடுவதற்குள் இருவாச்சி கேரளா போய்விடும்.

80,000-க்குள் முழுசாக மாற முடியுமா என்றால் சிரமம்தான். ஓஎம்-5-உம் ஐபி53, அதைச் செகண்ட் ஹேண்டில் தேடுங்கள், அதோடு 60 மேக்ரோ. இருவாச்சிக்குத் தனியாகப் பணம் சேர்க்க வேண்டும்.


ஸ்க்ரூ டிரைவர்:

ஓஎம் நல்ல பாடிதான், மறுக்கவில்லை. ஆனால் ஒரு நாள் நனைந்த பிறகு அதன் மேலே இருக்கும் ஹாட் ஷூவில் ஃப்ளாஷ் மாட்டிப் பார்த்திருக்கிறீர்களா? தவளை எடுக்கிறவர் ராத்திரியில் ஃப்ளாஷ் இல்லாமல் எடுக்க மாட்டார். பாடியின் ஐபி எண் மேலே மாட்டும் ஃப்ளாஷுக்குப் பொருந்தாது.


ஆழியாறு காற்று:

இவ்வளவு விவரம் எதிர்பார்க்கவில்லை, எல்லோருக்கும் நன்றி. லென்ஸைக் கழற்றிப் பார்த்தேன், ஸ்க்ரூ டிரைவர் சார் சொன்னபடி 18-55, 70-300 இரண்டிலும் வளையம் இல்லை. டாம்ரானிலும் இல்லை.

ஃப்ளாஷ் விஷயத்தை நான் யோசிக்கவே இல்லை. என்னிடம் இருப்பது கோடாக்ஸ், வெளிச்சத்தைப் பரப்பி மென்மையாக்கும் டிஃப்யூசர் நானே செய்து மாட்டியிருக்கிறேன். மழையில் ராத்திரி தவளை எடுக்கிறவர்கள் ஃப்ளாஷை எப்படிக் காப்பாற்றுகிறீர்கள்?


இராக்கத்தல்:

இந்தத் தலைப்புக்குள் வராமல் இருக்கலாம் என்று பார்த்தேன், முடியவில்லை.

தவளைக்காரர்களுக்கு கேமரா இரண்டாவதுதான், முதலில் செத்துப்போவது ஃப்ளாஷ். கோடாக்ஸில் பெரும்பாலானவற்றில் சீலிங் கிடையாது, தலை திரும்பும் மூட்டு, பேட்டரிக் கதவு, ஷூ எல்லாமே தண்ணீருக்கு வழி. நான் செய்வது இதுதான்: கனமான ஃப்ரீசர் கவர் ஒன்றை ஃப்ளாஷ் தலையோடு சேர்த்துத் தலைகீழாகக் கவிழ்த்து, அடியில் ஷூவுக்கு மேலே ரப்பர் பேண்ட் போடுவேன். இறுக்கிப் போடக் கூடாது, அடியில் கொஞ்சம் திறப்பு இருக்க வேண்டும், இல்லையென்றால் ஃப்ளாஷின் சூட்டில் உள்ளேயே வியர்த்துவிடும். டிஃப்யூசரைக் கவருக்கு மேலே மாட்டினால் அதுவே கூரை ஆகிவிடும். உங்கள் டிஃப்யூசர் காகிதமாக இருந்தால் முதல் மழையிலேயே கூழ்தான், வெள்ளை நுரைத் தாள் அல்லது பழைய பிளாஸ்டிக் டப்பா மூடியில் செய்துகொள்ளுங்கள். அப்புறம் ஒரு நண்பர், ஒரு பெரிய கறுப்புக் குடை. குடை பிடிக்க ஆள் கிடைத்தால் வெதர் சீலிங்கில் பாதி கிடைத்த மாதிரி. ஆள் கிடைப்பதுதான் கஷ்டம், அட்டை கடிக்கு முதல் நாள் வருகிறவர் இரண்டாம் நாள் வரமாட்டார்.

மழை பெய்துகொண்டே இருக்கும்போது ஃப்ளாஷ் நேராக லென்ஸுக்கு மேலே இருந்தால் முன்னால் விழும் ஒவ்வொரு துளியும் வெள்ளைப் பொட்டாகப் படத்தில் நிற்கும். ஃப்ளாஷைப் பக்கவாட்டில், தவளைக்குப் பக்கத்தில் கொண்டு போங்கள், வெளிச்சம் லென்ஸுக்கு முன்னால் இருக்கும் துளிகளில் படாமல் தவளை மேல் மட்டும் விழட்டும். தவளைக்குப் பின்னால் கொஞ்சம் வைத்தால் மழைக்கோடுகள் வெள்ளி மாதிரி தெரியும், அது வேறு அழகு. நான் பறக்கும் தவளை எடுக்கும்போது, அது தண்ணீருக்கு மேலே தொங்கும் இலையில் நுரைக்கூடு கட்டுமே, அங்கே பின்வெளிச்சம் ரொம்பக் கொஞ்சமாகத்தான் வைப்பேன்.

முன் கண்ணாடியில் துளி விழுந்தால் துடைக்காமல் முதலில் ரப்பர் ப்ளோயரால் ஊதித் தள்ளுங்கள். ஈரத் துணியால் தேய்த்துத் தேய்த்து எண்ணெய் மாதிரி படலம் வந்தால் அன்றைக்கு எல்லாப் படமும் மங்கல்தான். லென்ஸுக்கு முன்னால் மாட்டும் ஹூடைக் கழற்றவே வேண்டாம், நடக்கும்போது லென்ஸ் கீழ்நோக்கித் தொங்கட்டும். பாடியைத் துடைக்க நைந்த வேட்டித் துணி இரண்டு, கண்ணாடிக்கு மைக்ரோஃபைபர் தனியாக, அதை உள்சட்டைப் பைக்குள் வைத்தால் மட்டுமே உலர்ந்திருக்கும்.

பட்ஜெட்டுக்கு ஒரு மாற்று வழியும் சொல்கிறேன். ஒலிம்பஸ் டஃப் டிஜி-6, அல்லது அதற்கடுத்து 2023-இல் வந்த டிஜி-7. 15 மீட்டர் ஆழத்துக்குத் தாங்கும், லென்ஸிலிருந்து 1 செமீ தூரம் வரை ஃபோகஸ் ஆகும், ஃபோகஸை மாற்றி மாற்றி எடுத்த பல படங்களை ஒன்றாக்கும் ஃபோகஸ் ஸ்டாக்கிங் உள்ளேயே உண்டு, மழையில் வெறும் கையில் பிடித்துக்கொண்டு நிற்கலாம். 12 மெகாபிக்சல், சின்ன சென்சார், ராத்திரியில் படத்தில் புள்ளிப்புள்ளியாக இரைச்சல் வரும், அதெல்லாம் உண்மை. ஆனால் பெரிய கேமராவைப் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்துவிட்டு வேடிக்கை பார்ப்பதற்கு இது எவ்வளவோ மேல்.

தவளையைத் தூக்கி வேறு இலையில் வைக்காதீர்கள், கையில் கொசு மருந்தும் சானிடைசரும் இருக்கும்போது தொடவே தொடாதீர்கள், அவற்றுக்குத் தோல் வழியாகத்தான் பாதி மூச்சு. ஒரு ஓடையிலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போது பூட்ஸைக் கழுவிக் காயவைத்துவிட்டுப் போங்கள், தவளைகளைக் கொல்லும் பூஞ்சை அப்படித்தான் ஊர் மாறும். காட்டுக்குள்ளே ராத்திரி போக வனத்துறை விடாது, விடவும் கூடாது, யானை நடமாட்டம் இருக்கிற இடம். தங்கும் வீட்டு வேலியோரப் புதரிலேயே மழை நாளில் புதர்த்தவளைகள் கத்தும், அதற்கு அந்த வீட்டுக்காரரிடம் கேட்டால் போதும்.


டெஸ்க் அழைக்கிறது:

பத்திரிகைப் படக்காரன். நாங்கள் மழையில் நின்றுதான் ஆக வேண்டும், மழை நிற்கட்டும் என்று ஆசிரியர் காத்திருக்க மாட்டார். 2015 டிசம்பர் சென்னை வெள்ளமாகட்டும், 2018 கஜா புயலாகட்டும், வெளியில் நின்றவர்கள் கழுத்தில் சீல் உள்ள பாடியும் இருந்தது, அதற்கு மேலே ஜவுளிக்கடை கவரும் இருந்தது. இரண்டும் வேண்டும். ஒன்றை நம்பி இன்னொன்றை விடுகிறவரை எங்கள் கூட்டத்தில் பார்க்க முடியாது.

கவர் கட்டுவதற்கு: கனமான நீளக் கவரின் அடியை லென்ஸ் ஹூட் அளவுக்கு வெட்டி, ஹூடின் மேல் ரப்பர் பேண்ட் போட்டு இறுக்க வேண்டும், ஹூடின் விளிம்பு கவருக்கு ஒரு விரல் வெளியே துருத்திக்கொண்டிருக்க வேண்டும், அப்போதுதான் கவர் ஓரம் படத்தில் விழாது. பின்பக்கம் திறந்தே கிடக்கட்டும், கை அந்த வழியாகப் போகும். வ்யூஃபைண்டருக்கு ஒரு ஓட்டை போட்டு ஐகப்பை வெளியே எடுத்து மறுபடி மாட்டினால் கவர் அங்கேயே நிற்கும். கடையில் இதையே நாடா வைத்து ரெயின் ஸ்லீவ் என்று விற்கிறார்கள், அதுவும் நல்லதுதான், விலை அதிகமில்லை.

மழையில் லென்ஸ் மாற்றுவது என்ற பேச்சே வேண்டாம். இரண்டு பாடி இல்லையென்றால் அன்றைக்கு ஒரே லென்ஸ் என்று முடிவு செய்துவிட்டுக் கிளம்புங்கள். கடற்கரைப் பக்கம் போனால் திரும்பி வந்ததும் நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து, அப்புறம் உலர்ந்த துணி. உப்பு அப்படியே காய்ந்தால் டயலும் திருகாணியும் கெட்டுப்போகும். வால்பாறையில் அந்தத் தொல்லை இல்லை, கொடுத்துவைத்தவர்.

படத்தில் மழை தெரிய வேண்டும் என்றால் ஷட்டர் வேகம் 1/60 வைத்து இருட்டான பின்னணியைத் தேடுங்கள், கோடுகளாக விழும். 1/500-க்கு மேலே போனால் துளித்துளியாக நிற்கும், பாதி நேரம் மழை பெய்ததே தெரியாது, ஆசிரியர் திட்டுவார்.


மேகமலை நண்பன்:

இடையில் ஒரு கேள்வி. என் பழைய 50 மிமீயில் ஓரத்தில் சிலந்தி நூல் மாதிரி ஃபங்கஸ் வந்திருக்கிறது. அதை மற்ற லென்ஸோடு ஒரே பெட்டியில் வைத்தால் எல்லாவற்றுக்கும் ஒட்டிக்கொள்ளும் என்று ஒருவர் பயமுறுத்துகிறார். தூக்கி எறிந்துவிடவா?


ஸ்க்ரூ டிரைவர்:

எறியாதீர்கள். பூஞ்சையின் வித்து எல்லாக் காற்றிலும்தான் இருக்கிறது, உங்கள் புது லென்ஸுக்குள்ளும் இப்போதே இருக்கும். அது முளைப்பதா வேண்டாமா என்பதை முடிவு செய்வது ஈரப்பதம். அறுபதைத் தாண்டி நாள் கணக்கில், இருட்டில், ஆளே தொடாமல் கிடந்தால் முளைக்கும், 40-லிருந்து 50-க்குள் வைத்தால் முளைத்ததும் நின்றுவிடும். 30-க்குக் கீழே கொண்டுபோகாதீர்கள், ரப்பரும் கிரீஸும் காய்ந்துவிடும். ஆக உலர்ந்த பெட்டியில் பக்கத்தில் இருந்தால் ஆபத்து இல்லை, ஈரப் பையில் இருந்தால் பக்கத்தில் ஃபங்கஸ் லென்ஸ் இல்லாவிட்டாலும் ஆபத்துதான்.

ஆனால் சீக்கிரம் சுத்தம் செய்யக் கொடுங்கள். அது அமிலம் மாதிரி ஒன்றை விடும், முதலில் கோட்டிங்கை அரிக்கும், அப்புறம் கண்ணாடியையே. பூஞ்சையைத் துடைத்துவிடலாம், அரித்த தடத்தைத் துடைக்க முடியாது. பழைய லென்ஸ் வாங்கும்போது டார்ச்சை ஒரு பக்கத்திலிருந்து சாய்வாக அடித்து மறுபக்கத்திலிருந்து பார்த்தால் இதெல்லாம் தெரிந்துவிடும், அபெர்ச்சரை முழுசாகத் திறந்து பார்க்க வேண்டும். வெயிலில் வைத்தால் செத்துவிடும் என்று லென்ஸை மூடியில்லாமல் ஜன்னலில் வைக்கிறவர்கள் உண்டு, அது சூரியனைக் குவித்துத் திரைச்சீலையைக் கொளுத்திவிடும், பார்த்துச் செய்யுங்கள்.


ஆழியாறு காற்று:

ஒரு முடிவுக்கு வந்துவிட்டேன். இந்த சீசனுக்கு டி5600-ஐயே கவர் போட்டு ஓட்டுகிறேன், மேக்ரோவுக்கு மட்டும் டிஜி-6 செகண்ட் ஹேண்டில் தேடுகிறேன். டிரை கேபினட் சின்னதாக ஒன்று. மீதிப் பணம் வங்கியில் இருக்கட்டும், ஓஎம்-5 விலை இறங்கினால் நான்கில் மூன்று நண்பரிடம் வருகிறேன். டி500 வேண்டாம், அதற்கேற்ற லென்ஸ் வாங்க இன்னொரு டி500 விற்க வேண்டும்.

தங்கும் இடத்துக்குக் கேபினட்டைத் தூக்கிக்கொண்டு போக முடியாதே, அங்கே ராத்திரியில் என்ன செய்வது?


எஸ்டேட் வாசி:

இறுக மூடும் பெரிய சமையல் டப்பா, ஓரத்தில் ரப்பர் உள்ளது, அதில் கால் கிலோ சிலிக்கா ஜெல் துணிப்பையில் கட்டிப் போடுங்கள். கேமராவைத் துடைத்து, சூடு ஆறிய பிறகு உள்ளே வைத்து மூடுங்கள். நனைந்த பட்டையையும் கேமராப் பையையும் அதற்குள் வைக்காதீர்கள், ஜெல் அந்த ஈரத்தை உறிஞ்சியே தீர்ந்துபோகும், அவற்றை அடுப்பங்கரைப் பக்கம் தொங்கவிடுங்கள். நீல நிற ஜெல் ரோஸ் ஆனால் தீர்ந்தது என்று அர்த்தம், 120 டிகிரி சூட்டில் ஓவனில் ரெண்டு மணி நேரம் வைத்தால் மறுபடி நீலம். நீல நிறத்துக்குப் போடுவது கோபால்ட், விஷம், சமைக்கிற பாத்திரத்தில் வறுக்க வேண்டாம். ஆரஞ்சு நிற ஜெல் கிடைத்தால் அதையே வாங்குங்கள், அது ஈரம் ஏறினால் பச்சையாகும்.

டப்பாவுக்குள் ஈரப்பதம் காட்டும் ஒரு ஹைக்ரோமீட்டர், சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. மலிவானது தப்பாகக் காட்டும், அதனால் முதலில் சோதித்துவிடுங்கள். ஒரு பாட்டில் மூடியில் சாப்பாட்டு உப்பு, அதில் சில சொட்டுத் தண்ணீர், கரையக் கூடாது, ஈர மணல் மாதிரி இருந்தால் போதும். அதையும் ஹைக்ரோமீட்டரையும் ஜிப்லாக் கவரில் போட்டு மூடி ராத்திரி விட்டால் காலையில் 75 காட்ட வேண்டும்.


ஆழியாறு காற்று:

வைத்துப் பார்த்தேன் அண்ணா. 68 காட்டுகிறது. அப்போது நான் பார்க்கிற எண்ணோடு 7 கூட்டிக்கொள்ள வேண்டுமா?


எஸ்டேட் வாசி:

ஆமாம், மேலேயே அந்த எண்ணை மார்க்கரில் எழுதி ஒட்டிவிடுங்கள். டப்பாவில் அது 40 காட்டினால் நிஜத்தில் 47, அதுபோதும்.